குழந்தையின் பக்கம் ஒரு கை வேண்டும்

சிறார் மூட்டுவாதம் 16 வயதுக்குள் தொடங்கி ஆறு வாரங்களாவது நீடிக்கும் நோய். பலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடரும். இதற்கான நிபுணர்கள் பெருநகர மருத்துவமனைகளில்தான் இருக்கிறார்கள். சென்னைக்குத் தெற்கே உள்ள முட்டுக்காட்டிலிருந்து எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போய்வந்தால் பெற்றோருக்கு ஒரு நாள் கூலி போகும், பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளி போகும். வீங்கிய முழங்காலோடு பேருந்தில் ஏறி இறங்குவது வேறு. இவர்களுக்கு வீடியோ ஆலோசனை வரப்பிரசாதம்தான். ஆனால், பெற்றோரின் கைபேசியை மட்டும் நம்பி அதை நடத்த முடியாது.

மூட்டின் சூடு திரையில் தெரியாது. சிறு குழந்தை வலி என்று சொல்லாது. ஓடுவதை மெல்லக் குறைத்துக்கொள்ளும். காலையில் இறுகிக் கிடக்கும் மூட்டு நேரம் ஆக ஆக இளகும். நண்பகலில் அழைக்கும் மருத்துவர் தேறிய பிள்ளையைத்தான் பார்ப்பார். எழுந்தவுடன் நடப்பதைப் பெற்றோர் படம்பிடித்து அனுப்பினால் இந்தக் குறை பாதி தீரும்.

மீதிக்குப் பயிற்சி பெற்ற கை வேண்டும். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், சிறாருடன் ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்கின்றன. அந்தப் பெரியவரோடு மூட்டைப் பரிசோதிக்கத் தெரிந்த ஒருவரும் இருக்கட்டும். 2006இல் பிரிட்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ‘பிகால்ஸ்’ பரிசோதனைக்குச் சில நிமிடங்கள் போதும்: நுனிக்காலில் நடக்கச் சொல்வது, கூரையை அண்ணாந்து பார்க்கச் சொல்வது, தாடை திறக்கிறதா என்றறிய மூன்று விரல்களை வாயில் வைக்கச் சொல்வது. இதை இயன்முறை சிகிச்சையாளர் செய்யலாம். 2021இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அவர்களை ஏற்கெனவே வீடுகளுக்கு அனுப்புகிறது. முட்டுக்காட்டிலேயே, 2005 முதல், பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது; இப்பணிக்கு அதன் உதவியையும் நாடலாம். ஒன்றிய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியிலும் நோயாளி நேரே மருத்துவரை அழைக்கும் வழியோடு, சுகாதார நிலையத்திலிருந்து நிபுணரை அழைக்கும் வழியும் உண்டு. இக்குழந்தைகளுக்கு இரண்டாவது வழியே பொருந்தும்.

இந்நோயில் கண்ணுக்குள் வரும் அழற்சி பெரும்பாலும் சிவக்காது, வலிக்காது; பார்வையை மட்டும் பறிக்கக்கூடும். ஸ்லிட் லாம்ப் கருவியில் தவணை தவறாமல் பார்ப்பதுதான் வழி. அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமப்புற மையங்களில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிக்க, தொலைவிலுள்ள மருத்துவர் வீடியோவில் பேசுகிறார். கண்ணுக்குச் செய்ததை மூட்டுக்கும் செய்யலாம்.

மருந்திலும் கவனம் வேண்டும். இந்நோய்க்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டுமே தர வேண்டியது. தவறி நாள்தோறும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரை அட்டையைத் திரையில் காட்டச் சொல்வதும், ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்தபின் அழைப்பதும் விதியாக வேண்டும். முதல் சந்திப்பும், நோய் திடீரென முற்றும்போதும், விடாத காய்ச்சலின்போதும் நடக்கும் சந்திப்புகளும் நேரில்தான்.

தொலைமருத்துவத்தின் வெற்றியை அழைப்புகளின் எண்ணிக்கையில் அளந்து பழகிவிட்டோம். இங்கே எண்ண வேண்டியவை வேறு: எத்தனை பிள்ளைகளின் முழங்கால் முழுதாக நீள்கிறது, எத்தனை பேருக்குக் கண் பரிசோதனை தவணைப்படி நடந்தது, எத்தனை பேர் பள்ளிக்குத் தவறாமல் போகிறார்கள். மாவட்ட சுகாதாரத் துறை இந்த மூன்றையும் பதிவேட்டில் ஏற்றினால், அழைப்பின் தரம் தானாகவே உயரும்.