சுழலும் சக்கரம் திருடவில்லை

சென்ற மழைக்காலத்தில் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து திரும்புகையில் நாங்கள் வந்த கார் சாலையோரச் சேற்றில் இறங்கிவிட்டது. முன்சக்கர இயக்கம் கொண்ட பழைய கார். இடது முன்சக்கரம் சேற்றில் வெறிகொண்டு சுழன்றது. தார்ச்சாலையில் நின்ற வலது சக்கரம் அசையவே இல்லை. "நிலைத்து நிற்பவனுக்கு ஒன்றுமில்லை, வீணாய்ச் சுற்றுபவனுக்கே எல்லாம்" என்றார் நண்பரொருவர். எல்லோரும் ரசித்தோம். உவமை அழகானது; ஆனால் பாதிதான் உண்மை.

கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் என்று கொண்டால், ஒரு செங்கோணத் திருப்பத்தில் ஏறத்தாழ 2 மீட்டர் வித்தியாசம் வரும். மாட்டு வண்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை. மாடு வண்டியைத்தான் இழுக்கிறது. சக்கரங்கள் தத்தம் போக்கில் அச்சில் உருள்கின்றன. சக்கரத்தையே இயந்திரம் சுழற்றத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. 1820களின் இறுதியில் பிரெஞ்சுக்காரரான ஒனெஸிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்காக இதற்கொரு தீர்வு கண்டார். அதன் வழிவந்ததே இன்றைய டிஃபரன்ஷியல்.

கியர்பெட்டியிலிருந்து வரும் விசை ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதோடு பிணைந்த கூட்டுக்குள், குறுக்கே ஓர் ஊசி. ஊசியில் சிறு பல்சக்கரங்கள். அவை இருபுறமும் உள்ள பக்கப் பல்சக்கரங்களைக் கவ்வியிருக்கின்றன. அங்கிருந்து இடதுக்கும் வலதுக்கும் தனித்தனித் தண்டுகள். நேர்ச்சாலையில் இவை அனைத்தும் ஒரே கட்டியாகச் சுழலும். திருப்பத்தில் சிறு பல்சக்கரங்கள் தம் ஊசியில் உருண்டு, ஒருபக்கம் இழக்கும் வேகத்தை மறுபக்கத்துக்குக் கொடுக்கும்.

சிறு பல்சக்கரத்தை ஊசி நடுவில் தள்ளுகிறது. துலாக்கோலின் நடுவைப் பிடித்துத் தூக்கினால் இரு தட்டும் சமமாக இழுப்பதைப்போல, அதன் இரு பக்கப் பற்களிலும் ஒரே விசைதான் விழும். ஆகவே உராய்வு இழப்பை விட்டுவிட்டால், இரு சக்கரங்களுக்கும் கிடைக்கும் முறுக்குவிசை எப்போதும் சமம். சேற்றிலிருக்கும் சக்கரம் 50 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காது என்றால், சாலையிலிருக்கும் சக்கரத்துக்கும் 50தான். இரண்டும் சேர்ந்து 100. காரை மீட்க அது போதவில்லை.

திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. அசையாத சக்கரத்துக்கு வேகம் இல்லை. எனவே திறன் முழுவதும் சுழலும் சக்கரத்தில்தான் செலவாகிறது. இந்த அளவில் நண்பர் சொன்னது சரி. ஆனால் அச்சக்கரம் யாருடைய பங்கையும் பறிக்கவில்லை. பிடித்துக்கொள்ள அதற்கு நிலம் இல்லை, அவ்வளவே.

இதையெல்லாம் அன்று அறியாமல் நாங்கள் செய்த காரியம் நினைத்தால் இப்போதும் கூசுகிறது. விசையை ஏற்றினால் வலது சக்கரத்துக்கும் போய்ச் சேரும் என்று எண்ணி ஆக்ஸிலரேட்டரை அழுத்தச் சொன்னோம். அப்போது எங்களில் ஒருவர் அந்தச் சக்கரத்தருகே குனிந்து நின்றிருந்தார். ஒரு சக்கரம் நின்றுவிட்டால் மற்றது கூட்டின் வேகத்தைப்போல இரு மடங்கில் சுழலும். அத்தகைய பழைய காரின் வேகமானியில் 40 என்றால் அந்த டயர் 80இல் சுழல்கிறது. கல் தெறிக்கலாம், அதிக வேகத்தில் டயரே வெடிக்கலாம்.

வழியே வந்த லாரி ஓட்டுநர் எங்களை விலகச் சொல்லிவிட்டு, சுழன்ற சக்கரத்தின் அடியில் கோணிச்சாக்கைத் திணித்தார். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததோ வலதுக்கு என்ன செய்யலாம் என்று. இடதுக்குப் பிடி கிடைத்தது, அது தாங்கிய அதே அளவு வலதுக்கும் கிடைத்தது, கார் ஏறிவிட்டது. இன்றைய கார்களில், சுழலும் சக்கரத்தைத் தானாகவே பிரேக் பிடித்து ஏறக்குறைய இதே பலனைத் தரும் மின்னணு ஏற்பாடுகள் உண்டு.

இயந்திரங்களை உவமையாக்க நம் எழுத்தாளர்களுக்குள்ள ஆர்வம், அவற்றை அறிந்துகொள்வதில் இல்லை. இது சிறு குறையென்று ஒதுக்கிவிட எங்களால் முடியவில்லை. தவறான உவமை தவறான இடத்தில் பழி போடுகிறது. பழி தவறினால் பரிகாரமும் தவறுகிறது. வழுக்குகிற சக்கரத்தைத் திருடனென்று நம்பியவரை, அதற்கடியில் ஒரு சாக்கைப் போட வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.