15 கினிக்கு விற்ற இசை

பாடுபட்டவன் ஒருவன், பலன் அனுபவித்தவன் வேறொருவன். இங்கிலாந்தின் இசை உலகிலும் இந்த அநியாயம் நடந்தது.

சாமுவேல் கோல்ரிட்ஜ் டெய்லர் 1875-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தந்தை, ஆப்பிரிக்காவில் உள்ள சியரா லியோனைச் சேர்ந்த டாக்டர். தாய் ஆங்கிலப் பெண். தாயிடமே பிள்ளை வளர்ந்தது. 15-வது வயதில் லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் சேர்ந்தது.

1898-ம் ஆண்டு, ஹயவாத்தா என்ற அமெரிக்கப் பழங்குடி வீரனின் கல்யாண விருந்தைப் பற்றிய கவிதைக்கு டெய்லர் இசை அமைத்தார். அப்போது அவருக்கு வயது 23. பலர் கூடிப் பாடும் அந்த இசை நாடெங்கும் பரவியது. அச்சிட்ட பிரதிகள் ஏராளமாக விற்றன.

ஆனால் அதன் உரிமையை அவர் 15 கினிக்கு விற்றுவிட்டார்! அதாவது 15 பவுன் 15 ஷில்லிங். லாபம் முழுவதும் பதிப்பாளருக்கே போயிற்று.

குடும்பத்தைக் காப்பாற்ற டெய்லர் ஓயாமல் உழைத்தார். 1912-ம் ஆண்டு நிமோனியா கண்டு இறந்தார். வயது 37தான். மனைவியும் இரு குழந்தைகளும் தவித்தனர். மன்னர் ஆண்டுக்கு 100 பவுன் பென்ஷன் கொடுத்தார்.

மன்னர் கொடுத்தது கருணை. டெய்லருக்குச் சேர வேண்டியதோ உரிமை!

இசை அமைப்பவர்களின் வருமானத்தைக் காக்க 1914-ம் ஆண்டு பிரிட்டனில் ஒரு சங்கம் பிறந்தது. அதற்கு டெய்லரின் கதையும் ஒரு தூண்டுகோல் என்பார்கள்.

1930-களில் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் வேஷம் கட்டி அவர் இசையைப் பாடினார்கள். பிறகு ஊர் அவரை மறந்தது.

கலைஞனுக்குக் கைதட்டினால் மட்டும் போதாது. கைதட்டலில் உலை கொதிக்காது. அவன் பாட்டு சம்பாதிக்கும் வரை, அவன் வீட்டுக்கும் அதில் பங்கு போகவேண்டும்.