ஒளித்த பணம் ஒழிந்த பணமல்ல



தொழிலிடம் நின்றுபோனால் குடும்பங்கள் என்ன பாடுபடும் என்பதை, வாழைச்சேனைக் காகித ஆலையின் இயந்திரங்கள் ஓய்ந்ததைக் கண்ட கல்குடாப் பிரதேசத்துக்கு நாம் சொல்லத் தேவையில்லை. தென்னந்தோட்டமோ, முந்திரித் தோட்டமோ, மலையகத் தேயிலையோ, கம்பனி வங்குரோத்தானால் நமக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "கையில் காசில்லை."

காசு எங்கே போனது? அதைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும். கம்பனி விழப்போவது தெரிந்ததும் லொறியை மைத்துனர் பெயருக்கும், காணியை உறவினரின் கம்பனிக்கும் அற்ப விலைக்கு மாற்றிவிடுவது பழைய தந்திரம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. கம்பனியை மூடிக் கடன் தீர்க்க நியமிக்கப்படும் கலைப்பாளர், மூடுவதற்கு முந்திய குறித்த காலத்துக்குள் நடந்த இத்தகைய கைமாற்றங்களை நீதிமன்றத்தின் மூலம் ரத்துச் செய்வித்து, போனதை மீட்கலாம். நேர்மையாக உரிய விலை கொடுத்து வாங்கியவர் அஞ்சத் தேவையில்லை.

இது ஏட்டில் மட்டும் உள்ள அதிகாரமல்ல. அமெரிக்காவில் 2008இல் பேர்னாட் மெடோஃபின் மோசடி அம்பலமானபோது, மக்கள் போட்ட முதலில் சுமார் 1,750 கோடி டொலர் தொலைந்திருந்தது. பொறுப்பாளராக நியமிக்கப்பட்ட இர்விங் பிக்கார்ட், பணம் போன இடமெல்லாம் வழக்குத் தொடுத்து 1,400 கோடிக்கு மேல் மீட்டார்.

நமக்கு இதில் என்ன? 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 20 வருடம் உழைத்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, வருடத்துக்கு 14 நாளாக 280 நாட் சம்பளம் சேரவேண்டும். சம்பள நிலுவைக்கும் சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் சட்டம் முன்னுரிமை தருகிறது. ஆனால் அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொண்ட பின் மிச்சமே இல்லையென்றால், அந்த முன்னுரிமை கறிக்கு உதவாத சுரைக்காய்தான். மீட்கப்படும் பணமே நமது பங்கு.

கலைப்பாளர் கணக்குப் புத்தகத்தைத்தான் பார்ப்பார். எந்த இரவில் எந்த இயந்திரம் வெளியேறியது என்பது நமக்குத்தான் தெரியும். ஆகவே சம்பளச் சிட்டைகளைப் பத்திரப்படுத்துங்கள். வெளியேறும் வாகனம், பொருள், திகதி மூன்றையும் குறித்துச் சங்கக் கிளையில் கொடுங்கள். உரிமைக் கோரிக்கையைக் காலக்கெடுவுக்குள் ஒப்படையுங்கள்.

கலைப்பாளரின் அறிவித்தல் தமிழில் தோட்டத்திலேயே ஒட்டப்பட வேண்டும்; அவரது விசாரணையில் தொழிலாளர் பிரதிநிதிக்கு இடம் வேண்டும். இவை நமது கோரிக்கைகள்.

நமது வியர்வை யாருடைய மைத்துனருக்கும் சீதனமல்ல!