நீச்சல் குளமும் கசியும் மின்சாரமும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில், சனி ஞாயிறுகளில் நாள் வாடகைக்கு விடப்படும் பண்ணை வீடுகளுள், நீச்சல் குளம் உள்ளவற்றுக்கே கிராக்கி அதிகம். குளத்தின் ஆழத்தை விசாரிப்போர் உண்டு. ஜலம் சுத்தமாயிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்போரும் உண்டு. அதனுள் எரியும் விளக்குக்கு எத்தனை வோல்ட் மின்சாரம் வருகிறது என்று கேட்டவரை நான் கண்டதில்லை.

பியூஸும் எம்.சி.பி.யும் இருக்கையில் அபாயம் எங்ஙனம் நேரும் என்று படித்தவர்களும் நம்பியிருப்பதே இந்த அசிரத்தைக்கு மூலகாரணம். அச்சாதனங்கள் கம்பி சூடேறித் தீப்பற்றாமல் காப்பதற்கென ஏற்பட்டவை. நனைந்த சரீரம் மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பு சுமார் ஆயிரம் ஓம் அளவுக்குத் தாழ்ந்துவிடுகையில், 230 வோல்ட் அதன் வழியே செலுத்துவது கால் ஆம்பியருக்கும் குறைவே; 6 ஆம்பியர் எம்.சி.பி. அதைப் பொருட்படுத்தவே செய்யாது. இருதயத் துடிப்பைக் குலைத்துப் பிராணனைப் போக்கவோ அதில் பாதியே போதும்.

அமெரிக்காவில் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலைப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல், தாமாக முன்வந்தவர்களின் கைகளில் சிறிது சிறிதாக மின்சாரம் ஏற்றிச் சோதித்து, பிடித்ததை விடமுடியாதபடி தசைகள் இறுகும் அளவு ஆண்களுக்குச் சராசரி 16 மில்லியாம்பியர், பெண்களுக்குப் பத்தரை என்று நிர்ணயித்தார். நீந்துகிறவனுக்கு அதுவே மரணமாகிவிடலாம். கைகால் முடங்கியவன் கூச்சலிடவும் இயலாமல் அமிழ்ந்துபோக, உடலில் தீக்காயமும் காணாமையால், நீச்சல் தெரியாமல் மூழ்கினான் என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

ஆராய்ச்சியோடு நில்லாமல், கசிவு கண்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியொன்றையும் 1961-இல் அவர் அமைத்தார். அதே இனத்தைச் சேர்ந்த ஆர்.சி.சி.பி., போகும் மின்சாரத்தையும் திரும்பி வருவதையும் இடைவிடாது ஒப்பிட்டு, 30 மில்லியாம்பியர் வித்தியாசம் கண்டால் 0.3 வினாடிக்குள் இணைப்பை அறுத்துவிடுகிறது. டால்ஸீல் கண்ட அளவைவிட இது அதிகமே எனினும், பாயும் நேரம் அத்தனை சொற்பமாகையால் உயிர் பிழைக்கிறது. ஆயினும் ஒரு வீட்டின் பம்பு அறையில் நான் கண்டது என்ன? கருவி போர்டில் அழகாய்ப் பொருத்தப்பட்டிருக்க, உள்ளே வரும் கம்பியும் வெளியே போகும் கம்பியும் அதைத் தொடாமலே நேராக முறுக்கப்பட்டு, கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்தன. மழை பெய்தால் அடிக்கடி டிரிப் ஆகிறது, விருந்தினர் கோபிக்கிறார்கள், ஆகையால் டைரக்ட் கொடுத்துவிட்டோம் என்றார் காவலாளி. டிரிப் ஆவது கசிவின் அறிகுறியென்றும், கசியும் இடத்தைத் தேடுவதே கடமையென்றும் அந்த வேலையைச் செய்த எலக்ட்ரீஷியன் அறியாதிருக்க நியாயமில்லை.

எர்த் குழி ஒன்றிருந்தால் போதும் என்பதும் தவறான எண்ணம். ஏணி, கைப்பிடி, பம்பு மோட்டாரின் உடல், தரைக்குள் புதையும் இரும்புக் கம்பிகள் ஆகிய யாவற்றையும் செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்தால்தான், ஏணியைப் பற்றும் கைக்கும் ஜலத்திலிருக்கும் காலுக்கும் இடையே மின்னழுத்த பேதம் தோன்றாது. இதைக் கான்கிரீட் போடுமுன் செய்யாவிடில் பின்னர் தரையை உடைத்துத்தான் செய்யவேண்டும். குளத்து விளக்குக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வழியாக 12 வோல்ட்டுக்கு மேற்படாத மின்சாரமே தகும்.

மின்தூக்கி ஒன்றை நிறுவினால், 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி உரிமமும் பரிசோதனையும் வேண்டியிருக்கின்றன. வாடகைக் குளத்துக்கும் அத்தகைய நிர்ப்பந்தம் விதித்து, உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் ஆண்டுதோறும் சோதித்துக் கையொப்பமிட்ட சான்றைக் குளத்தருகே மாட்டச் செய்வது சர்க்காருக்குப் பெரும் சிரமமன்று. மெயின் சுவிட்ச் இருக்கும் இடமும் அச்சான்றிலேயே குறிக்கப்பட வேண்டும்; ஏனெனில் மூழ்கும் பிள்ளையைக் கண்டதும் தகப்பன் ஜலத்தில் குதிக்கவே ஓடுவான், அவன் ஓட வேண்டியதோ முதலில் அந்த சுவிட்சை நோக்கி.