பெயரும் பொருளும்

ஒரு பொருளுக்கு விலை வேறு, மதிப்பு வேறு. விலையைக் கடைக்காரர் சொல்வார். மதிப்பை வாங்குபவனே காண வேண்டும். புதுப்பொருள் வாங்கும்போது இவ்வுண்மையை மறந்தாலும் பெருந்தீங்கு இல்லை. உத்தரவாதச் சீட்டு ஒன்று கையில் இருக்கும். பழம்பொருளை வாங்குபவனுக்கோ அந்தத் துணையும் இல்லை. அவனுக்குத் துணை அவன் அறிவு ஒன்றே.

தார்நாகாவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் மன்றத் தோழர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. மாலையில் இரானி டீக்கடையில் நால்வர் கூடினால் போதும், அது தொடங்கிவிடும். என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 1060 சிறந்ததா? ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 580 சிறந்ததா? இரண்டும் கணிப்பொறி விளையாட்டுக்களின் காட்சிகளைத் திரையில் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டுகள். இரண்டும் பல ஆண்டுப் பழமை உடையவை. புதுக் கார்டு வாங்க வசதியற்ற மாணவன் முன், பலர் கைமாறி வந்து நிற்பவை இவைதாம். நிறுவனங்களின் நிறத்தைக் கொண்டு ஒரு சாரார் பச்சைக் கட்சி; மறு சாரார் சிவப்புக் கட்சி. கட்சி என்று வந்துவிட்டால் ஆராய்ச்சிக்கு அங்கே இடம் ஏது?

காய்தல் உவத்தல் இன்றி இவ்வழக்கை ஆராய விரும்புகிறேன். இதை எழுத என்னைத் தூண்டிய காரணம் ஒன்றும் உண்டு. அது எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் மறைக்காமல் பின்னர்க் கூறுவேன்.

முதலில், “படிக்க வந்த இடத்தில் விளையாட்டுக் கருவிக்கு இத்தனை ஆராய்ச்சியா?” என்று கேட்கும் பெரியோருக்கு ஒரு சொல். நாள் முழுதும் ஆடுபவனுக்காக நான் வாதாடவில்லை. ஊரையும் உற்றாரையும் விட்டு வந்தவன், இரவில் ஒருமணி நேரம், ஊரில் இருக்கும் நண்பனோடு சேர்ந்து ஆடுகிறான். அது குற்றமன்று. அதற்கென அவன் செலவிடும் பணம், பல திங்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். அது வீணாகலாகாது என்பதே என் கவலை.

இனிக் கார்டுகளைப் பார்ப்போம். 1060 வெளிவந்தது 2016 ஜூலையில். அதில் கணக்கிடும் கருக்கள் 1280. நினைவகம் 6 ஜி.பி.; அந்நினைவகத்திலிருந்து நொடிக்கு 192 ஜி.பி. தரவு பாயும், உண்ணும் மின்சாரம் 120 வாட், அமெரிக்காவில் அறிவித்த தொடக்க விலை 249 டாலர். 580 வெளிவந்தது 2017 ஏப்ரலில். கருக்கள் 2304, நினைவகம் 8 ஜி.பி.; பாய்வது நொடிக்கு 256 ஜி.பி.; மின்சாரம் 185 வாட்; விலை 229 டாலர்.

எண்களை மட்டும் பார்ப்பவர் 580-க்கே உடனே மாலை சூட்டிவிடுவர். அது பிழை. இரு நிறுவனங்களின் கருக்களும் ஒரே அமைப்பு உடையன அல்ல. ஏரில் பூட்டிய மாடுகளின் தலையை எண்ணி உழுத நிலத்தின் அளவைச் சொல்ல முடியுமா? உழுது பார்த்தபோது கண்டது என்ன? 1920-க்கு 1080 என்னும் திரையளவில், வெளிவந்த காலத்தில், இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடின.

வேறுபாடு ஆட்டத்தைப் பொறுத்தது. டைரக்ட்-எக்ஸ் 11 என்னும் பழைய முறையில் எழுதப்பட்ட ஆட்டங்களில் 1060 முந்தும். 2015-இல் கணிப்பொறிக்கு வந்த ஜி.டி.ஏ. 5 அதற்குச் சான்று. அம்முறையில் வேலையைப் பகிர்ந்து கொடுக்கும் பொறுப்பு டிரைவர் என்னும் இயக்கு மென்பொருளுடையது. என்விடியாவின் டிரைவர் அதில் கைதேர்ந்தது, ஏ.எம்.டி.யின் டிரைவரோ பிராசசருக்குக் கூடுதல் சுமை கொடுத்தது. ஆகவே பழைய, வேகம் குறைந்த பிராசசர் வைத்திருப்பவனுக்கு 1060 நல்ல துணை. வல்கன், டைரக்ட்-எக்ஸ் 12 என்னும் புதிய முறைகளில் அப்பொறுப்பின் பெரும்பகுதியை ஆட்டமே ஏற்கிறது. அங்கே 580-இன் கருக்கள் சோம்பியிராமல் உழைக்கின்றன. 2019-இல் கணிப்பொறிக்கு வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 அதற்குச் சான்று. ஆண்டுகள் செல்லச் செல்ல ஆட்டங்கள் புதிய முறைக்கே மாறின. காலம் 580-இன் பக்கம் சாய்ந்தது.

நினைவகமும் அப்படியே. சுவர், மண், மரம், ஆடை ஆகியவற்றின் மேற்பரப்புப் படங்கள் யாவும் அங்கேதான் தங்குகின்றன. இடம் நிரம்பிவிட்டால் மிஞ்சியவை கணிப்பொறியின் பொது நினைவகத்துக்குப் போகும். அங்கிருந்து அவை வந்து சேருமுன் காட்சி திக்கித் திணறும். 2016-இல் 6 ஜி.பி. தாராளம், இன்றோ அது இறுக்கம். 8 ஜி.பி.யில் சற்றே மூச்சு விடலாம்.

ஆயினும் சிவப்புக் கட்சியினர் துள்ள வேண்டா. 2020 டிசம்பரில் வெளிவந்த சைபர்பங்க் 2077 ஆட்டத்தின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலை அதன் படைப்பாளர்கள் 2023-இல் திருத்தினார்கள். அதில் 6 ஜி.பி. 1060-உம் 8 ஜி.பி. 580-உம் அருகருகே நின்றன. ஒளிக்கதிரைப் பின்தொடரும் வன்பொருள் இல்லாமல் ஓடாத ஆட்டங்களும் வந்துவிட்டன: 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ், 2025 மே மாதம் வந்த டூம் தி டார்க் ஏஜஸ். அந்த வன்பொருள் இரண்டிலும் இல்லை. அந்தக் கதவு இருவருக்கும் ஒருங்கே அடைபட்டது. வாயிலுக்கு வெளியே நின்றுகொண்டு “உன்னைவிட நான் உயரம்” என்று சண்டையிடுவதில் பயன் என்ன?

அடுத்தது மின்சாரம். இரண்டுக்கும் இடையே வேறுபாடு 65 வாட். நாள்தோறும் 3 மணி நேரம் ஆடினால் மாதம் ஏறக்குறைய 6 யூனிட் கூடும். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று கொண்டால் மாதம் 35 ரூபாய். ஆண்டுக்கு 420 ரூபாய். இது சிறு தொகைதான். ஆனால் அந்த 65 வாட்டும் வெப்பமாக மாறி அறைக்குள்ளேயே தங்கும். மொட்டை மாடிக்கு அடியில், சித்திரை வெயிலில், ஒரே மின்விசிறியின் கீழ் வாழ்பவர்களுக்கு அதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. மேலும் 1060-க்கு 400 வாட் பவர் சப்ளை போதும் என்கிறது என்விடியா. 580-க்கு 500 வாட் வேண்டும் என்கிறது ஏ.எம்.டி. கார்டோடு பவர் சப்ளையையும் மாற்ற நேர்ந்தால் மிச்சம் பிடித்தது எங்கே?

இனி ஆயுள். 1060-க்குப் புதிய ஆட்டங்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தருவதாக அறிவித்தது. ஏ.எம்.டி.யும் 2023 இறுதியிலேயே 580-இன் தலைமுறையைத் தனியே பிரித்துத் திருத்தங்களைக் குறைத்துக்கொண்டது. எனினும் லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு 580-இல் ஒரு நன்மை உண்டு. அங்கே அதன் டிரைவர் திறந்த மூலநிரலாக இருக்கிறது. நிறுவனம் கைவிட்டாலும் ஊர் கைவிடாது.

படிப்புக்கும் பயன்பட வேண்டும் என்பவர் வேறு கணக்குப் போட வேண்டும். பிளெண்டரில் முப்பரிமாணப் படம் செய்பவருக்கு 1060-இன் கூடா உதவும். 580-க்கோ பிளெண்டரின் 3.0 பதிப்போடு அந்த வாயில் அடைபட்டது. கூடாவின் 13-ஆம் பதிப்பு 2025-இல் 1060-ஐ விலக்கியது; ஆயினும் 12-ஆம் பதிப்பில் அது இன்னும் வேலை செய்கிறது. தொடக்க நிலையில் கற்பவனுக்கு அது போதும்.

என் தீர்ப்பு இது. விளையாட்டே நோக்கம், நல்ல பவர் சப்ளையும் உண்டு, இரண்டும் ஒரே விலைக்குக் கிடைக்கின்றன என்றால் 8 ஜி.பி. 580-ஐ வாங்குக. பிளெண்டரும் கூடாவும் கற்க வேண்டும், அல்லது பவர் சப்ளை சிறியது என்றால் 6 ஜி.பி. 1060-ஐ வாங்குக.

இங்கே கட்டுரையை முடித்துவிடலாம். முன்பொரு நாள் நானும் இப்படித்தான் முடித்தேன். அதுவே நான் செய்த தவறு.

பக்கத்து அறையில் நெல்லைச் சீமையிலிருந்து வந்த தம்பி ஒருவன் இருக்கிறான். மாலையில் இரு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து 6,500 ரூபாய் சேர்த்திருந்தான். “அண்ணா, எந்தக் கார்டு வாங்கலாம்?” என்று கேட்டான். நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, “580 வாங்கு” என்றேன். கைப்பேசியில் விளம்பரம் பார்த்து, முன்பின் அறியாத ஒருவரிடம், மெட்ரோ நிலைய வாசலில் வைத்துப் பணத்தைக் கொடுத்துக் கார்டை வாங்கி வந்தான். பெட்டி இல்லை, பில் இல்லை. கார்டு ஓடியது, ஆனால் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. ஜி.பி.யூ.-இசட் என்னும் மென்பொருளைத் திறந்து பார்த்தேன். கருக்கள் 2304 இருக்க வேண்டிய இடத்தில் 2048 என்று இருந்தது. “அண்ணா, நான் ஏமாந்துவிட்டேனா?” என்று கேட்டான். ஏமாந்தவன் அவன், ஏமாற வழி காட்டியவன் நான்.

அது என்ன கார்டு? 2018-இல் சீனச் சந்தைக்கென ஏ.எம்.டி. வெளியிட்ட வேறொரு கார்டு. அதன் கருக்களின் எண்ணிக்கை 570-க்கு உரியது, பெயரோ 580. பெயருக்குப் பின்னால் 2048 எஸ்.பி. என்று ஒரு வால் உண்டு. கைமாறக் கைமாற வால் அறுந்துவிடும். பெயர் மட்டும் நிற்கும். பச்சைக் கட்சியினர் இதைக் கேட்டு நகைக்க வேண்டா. 2016 ஆகஸ்டில் வந்த 3 ஜி.பி. 1060-இலும் இதே கதைதான். குறைந்தது நினைவகம் மட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். கருக்களும் 1280-லிருந்து 1152 ஆகக் குறைந்தன. பெயர் மட்டும் குறையவில்லை.

வேறுபட்ட பொருளுக்கு வேறு பெயர் இட எத்தனை செலவு ஆகும்? ஒரு காசும் ஆகாது. ஆயினும் இரு பெரு நிறுவனங்களும் அதைச் செய்யவில்லை. புதுக் கார்டு வாங்குபவன் பெட்டியைப் படித்துத் தப்பிவிடுவான். பெட்டியில்லாக் கார்டை மூன்றாம் கையில் வாங்கும் ஏழை மாணவன்தான் இந்தப் பெயர் மயக்கத்தின் சுமையைச் சுமக்கிறான். 1060-ஆ 580-ஆ என்று சண்டையிடும் நாம், சண்டையிட வேண்டிய இடம் இதுவே.

எனவே பெயரை நம்பாதீர், எண்ணிப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறியில் வைத்துக் காட்டாதவரிடம் கார்டு வாங்காதீர். தார்நாகாவிலிருந்து மெட்ரோவில் நான்காவது நிலையம் பாரடைஸ். அங்கிருந்து சற்று நடந்தால் கணிப்பொறிக் கடைகள் நிறைந்த செனாய் டிரேட் சென்டர். நேரில் பார்த்து வாங்க ஒரு நாள் செலவிடலாம். 580 என்றால் 2304 கருக்கள். 1060 என்றால் 1280 கருக்கள். இதை முதலில் பாருங்கள். பிறகு ஃபர்மார்க் போன்ற சோதனையை அரைமணி நேரம் ஓட்டி, வெப்பம் எங்கே போய் நிற்கிறது, விசிறி முனகுகிறதா, திரையில் புள்ளிகள் தோன்றுகின்றனவா என்று பாருங்கள். எதீரியம் நாணயம் தோண்டுவதற்கு இரவு பகலாக உழைத்த கார்டுகள் ஏராளம். 2022 செப்டம்பர் 15-இல் அந்நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபின் அவற்றுக்கு அங்கே வேலை இல்லாது போயிற்று. அவை பழம்பொருள் சந்தைக்கு வந்தன. உழைத்த கார்டு எல்லாம் கெட்ட கார்டு அன்று. ஆனால் எவ்வளவு உழைத்தது என்று அறியாமல் விலை பேசுவது அறிவுடைமை ஆகாது.

தம்பியின் கதையில் இன்னும் ஒரு பகுதி உண்டு. நடந்ததை அறிந்த ஒருவர், “இதில் என்ன கவலை? நீயும் 580 என்றே சொல்லி வேறொருவனுக்கு விற்றுவிடு, போட்ட பணம் வந்துவிடும்” என்று யோசனை கூறினார். தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “வாங்குகிறவனும் டியூஷன் எடுத்துத்தானே பணம் சேர்த்திருப்பான்” என்றான். கார்டின் உறையில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, அதன் உண்மைப் பெயரை வாலோடு சேர்த்து எழுதி வைத்தான். இப்போது அதிலேயே ஆடுகிறான். என்றேனும் அதை விற்கும்போது சில நூறு ரூபாய் அவனுக்குக் குறையும். அதை அவனும் அறிவான்.

தோழர்களே, எந்தக் கார்டு சிறந்தது என்று இனி என்னைக் கேட்பவரிடம் மூன்று சொல்லில் விடை கூறமாட்டேன். புத்தகத்தை மூடிவிட்டு உடன் வருவேன். எண்ணிப் பார்த்து வாங்கித் தருவேன். மூத்தவர் ஒவ்வொருவரும் இளையவர் ஒருவருக்கு இதைச் செய்தால், பச்சையோ சிவப்போ, நம் மன்றத்தில் இனி எவரும் வெறும் பெயரை வாங்கி ஏமாற மாட்டார்.