இரவு பத்து மணிக்கு மேல் புறப்பாடு இல்லை

கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்டியில் உள்ள ஜான் வெய்ன் விமான நிலையத்தில் பயணிகள் விமானங்களுக்கு ஒரே ஓடுபாதைதான். அதன் நீளம் வெறும் 5,700 அடி. அங்கிருந்து கிளம்பும் விமானம் கிடுகிடுவென மேலேறி, சட்டென்று எஞ்சின் விசையைக் குறைத்துக்கொள்ளும். முதல்முறை போகிறவர்கள் பதறிவிடுவார்கள். விமானத்தில் கோளாறு எதுவும் இல்லை. கீழே நியூபோர்ட் பீச் மக்களின் வீடுகள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

அந்த மக்கள் வழக்காடிப் பெற்றது 1985-ஆம் ஆண்டு ஒப்பந்தம். ஆண்டுக்கு 84 லட்சம் பயணிகளுக்கு மேல் கூடாது. இரவு 10 மணிக்குப் பிறகு பயணிகள் விமானம் புறப்படக் கூடாது; மறுநாள் காலை 7 மணிக்குத்தான், ஞாயிறென்றால் 8 மணிக்குத்தான், மீண்டும் புறப்பாடு. சுற்றுப்புறத்தில் 10 இடங்களில் இரைச்சலை அளக்கும் கருவிகள் நிற்கின்றன. ஒப்பந்தத்தின் உயிர்நாடி இன்னொரு விதியில் இருக்கிறது. சத்தம் மிகுந்த விமானங்களுக்குத் தினசரிப் புறப்பாட்டில் உச்சவரம்பு உண்டு. குறிப்பிட்ட டெசிபலுக்குள் அடங்கும் விமானங்களுக்கு அந்த வரம்பு கிடையாது. கூடுதல் சேவை வேண்டுமென்றால் விமான நிறுவனம் சத்தம் குறைந்த விமானத்தைக் கொண்டுவந்தாக வேண்டும். அமைதிக்கே லாபம் கிடைக்கும்படி விதியை எழுதியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

இத்தனை கட்டுப்பாட்டால் விமான நிலையம் நொடித்துப்போய்விடவில்லை. பேச்சுவார்த்தை மூலம் பயணிகள் வரம்பு படிப்படியாக உயர்ந்தது. 2022-இல் 1.1 கோடிக்கும் அதிகமானோர் அங்கே வந்து போனார்கள்.

அதே மாநிலத்தின் பர்பேங்க் நகரத்துக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. புதிய இரைச்சல் கட்டுப்பாடுகளுக்கு மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும் என்று 1990-இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. முன்பே கையெழுத்தான ஒப்பந்தங்கள் தப்பித்தன. இரவுத் தடை கேட்டு ஒன்பது ஆண்டுகள் ஆய்வு நடத்தி, சுமார் 70 லட்சம் டாலர் செலவழித்த பர்பேங்க் விமான நிலையத்துக்கு 2009-இல் கிடைத்தது மறுப்புதான்.

சரக்கு விமானங்களின் கதை இன்னும் சிக்கலானது. கூரியர் பொதிகள் நள்ளிரவில் பிரிக்கப்பட்டால்தான் காலையில் வீடு சேரும். பிரஸ்ஸல்ஸில் இரவு விமானங்களை அதிகரிக்க 2004-இல் உடன்பாடு எட்டப்படாததால், டிஎச்எல் தன் ஐரோப்பிய மையத்தை ஜெர்மனியின் லைப்சிக்குக் கொண்டுபோனது. 2008-இல் அங்கே மையம் திறக்கப்பட்டது. வேலைவாய்ப்பும் இரைச்சலும் சேர்ந்தே இடம்பெயர்ந்தன. ஒரு ஊர் மறுத்தால் இன்னொரு ஊர் வரவேற்கும் என்ற நிலை நீடிக்கும்வரை பேரம் பேசும் பலம் நிறுவனத்திடமே இருக்கும். ஆகவே, இரவுச் சரக்கு விமானங்களுக்கு ஐரோப்பா முழுவதற்கும் ஒரே இரைச்சல் வரம்பு தேவை. இரவில் 40 டெசிபலுக்கு மேற்பட்ட விமான இரைச்சல் உறக்கத்தைக் கெடுக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே எச்சரித்திருக்கிறது.

ஆரஞ்ச் கவுன்டியின் தற்போதைய பயணிகள் வரம்பு 2030 முடியும்வரைதான். அடுத்த பேச்சுவார்த்தையில் பயணிகள் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளட்டும். இரவுத் தடையில் மட்டும் கவுன்டி நிர்வாகம் கைவைக்கக் கூடாது.