நான்கு மாட்டு வண்டிகளும் ஒரு மரப்பெட்டியும்

இக்காலத்தில் படம் பிடிக்காதவர் என்று ஒருவரைக் காட்ட முடியுமா? ஒகேனக்கல்லுக்குப் போனால், அருவியைப் பார்ப்பவர்களைக் காட்டிலும் கைபேசியைப் பார்ப்பவர்களே அதிகமோ என்று தோன்றுகிறது. இப்படிப்பட்ட நாளில், நமது பக்கத்துக் குன்றுகளைப் பெரிய மரக் காமிராவினால் படம் பிடித்த ஒருவரைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். கம்பெனியாரின் சென்னைப் பட்டாளத்து அதிகாரி. 1856-ல் சென்னை ராஜதானி சர்க்கார் அவரைத் தங்கள் புகைப்பட நிபுணராக நியமித்தது. 1857 டிசம்பரில், வடக்கே சிப்பாய்களின் கிளர்ச்சி இன்னும் அடங்காதிருந்த சமயத்தில், அவர் தமது சாமான்களை நான்கு மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் படங்கள் 1858-ல் தொகுதிகளாக வெளியாயின. அவற்றுள் ஒன்று இராயக்கோட்டைக்கும் சேலம் ஜில்லாவின் வேறு சில இடங்களுக்கும் உரியது. 1791-ல் மைசூர் யுத்தத்தின்போது ஆங்கிலேயர் பிடித்த அதே மலைக்கோட்டைதான். சேலத்திலிருந்து 1965-ல் பிரிந்த தர்மபுரி ஜில்லாவில் சேர்ந்திருந்த அவ்வூர், 2004 முதல் கிருஷ்ணகிரி ஜில்லாவைச் சேர்ந்தது. ஜில்லாக்கள் மாறினாலும் மலை நகரவில்லை.

அவ்வளவு பெரிய காமிரா எதற்கு என்று கேட்கலாம். அந்நாளில் படத்தைப் பெரிதாக்கும் வசதி அநேகமாக இல்லை. நெகடிவ் எவ்வளவோ அவ்வளவே படம். டிரைப்பின் நெகடிவ்கள் ஏறக்குறைய 15 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் கொண்டவை; மெழுகேற்றி, வெள்ளி உப்புப் பூசிய காகிதங்கள். ஒளி பதிய நிமிஷக் கணக்கில் ஆகும். அதற்குள் ஆடு மாடுகளும் மனிதர்களும் நடந்து மறைந்துவிடுவார்கள். பாறையும் மதிலும் மட்டும் அசையாமல் நிற்கும். நீல வானமோ வெறுமையாக விழும். ஆகவே சில நெகடிவ்களில் அவர் தூரிகையால் மேகம் தீட்டினார். இதைக் குற்றமென்று நாம் சொல்லமாட்டோம்!

மரக் காமிராவை இன்றும் கையாளுகிறவர்கள் உண்டு. முக்காலியில் நிறுத்தி, தோல் துருத்தியை நீட்டி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால், தேய்த்த கண்ணாடியில் மலை தலைகீழாகத் தெரியும். உயரமான கோபுரத்தை எடுக்கக் காமிராவை அண்ணாத்த வேண்டியதில்லை. லென்ஸ் பலகையை மட்டும் மேலே உயர்த்தினால் போதும், கோபுரம் சாயாமல் நிற்கும். தலைகீழான காட்சியில் கண் பெயர்களை மறந்து, வடிவங்களைக் காண்கிறது. இந்த நன்மையைப் பையன்களுக்குச் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் அறிவார்கள்.

1859-ல் கவர்னராக வந்த ஸர் சார்லஸ் டிரெவெலியன் இவ்வேலையை ஆடம்பரச் செலவென்று கருதி நிறுத்திவிட்டார். சிக்கனம் நல்லதுதான், ஆனால் இந்தச் சிக்கனத்தால் எத்தனை ஊர்களின் பழைய தோற்றம் நமக்குக் கிடைக்காமற் போயிற்று! இருப்பவையும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகம் போன்ற இடங்களில் இருக்கின்றன. படங்களின்மேல் டிரைப்பின் கையெழுத்து உண்டு; வண்டி ஓட்டியவர்களின் பெயர் இல்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் கிரானைட்டுக்காகக் குன்றுகள் வெட்டப்படுகின்றன. ஒரு குன்று எவ்வளவு குறைந்தது என்பதை வாய்ச்சொல்லால் நிரூபிக்க முடியாது; ஒரே இடத்தில் நின்று எடுத்த இரண்டு படங்கள் நிரூபிக்கும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு குன்று என்று வைத்துக்கொண்டு, நின்ற இடத்தையும் தேதியையும் குறித்து, ஆண்டுக்கொரு முறை படம் எடுத்தால் என்ன? மரக் காமிரா கிடைக்காவிட்டால் கைபேசியே போதும். முக்காலி மட்டும் அவசியம். முதலில் இராயக்கோட்டையிலேயே தொடங்கலாம். தர்மபுரியிலிருந்து ஓசூர் செல்லும் ரயில் பாதையில்தான் அவ்வூர் இருக்கிறது.